கூரை மேல் வைத்த மொய்

எங்கள் தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. ரப்பர் மரம் நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வைத்தாலும் பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அப்படி வேலை இல்லாத நாட்களில் எங்கள் லயத்து ஜனங்களிடம் மிச்சமாக இருப்பது, அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லும் புத்தி ஒன்றுதான். கொஞ்சம் எரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன். அவர்கள் வாயால் சொல்லும் புத்தியைக் கடைசியில் முதுகில் சுமக்கிறவன் நான். என் பெயர் அழகமுத்து. தோட்டத்தில் திடமான ஆள் என்று பெயர் எடுத்துவிட்டேன். அதைவிடப் பெரிய தொல்லை மனிதனுக்கு இல்லை.

மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப்போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அதற்கு முன்பெல்லாம் ரேடியோவில் வானிலை அறிக்கை வந்தால், இது முடிந்து எப்போது பாட்டு வரும் என்று காத்திருப்போம். அதற்குப் பிறகு, பாட்டு முடிந்து எப்போது வானிலை வரும் என்று காத்திருந்தோம். அந்தக் கார்த்திகையில் ஒரு காலை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், அது சூறாவளியாக மாறக்கூடும், மக்கள் அவதானமாக இருக்கவும் என்று சொன்னார்கள். மழைக்கு எல்லாரும் வீட்டில்தான் கிடந்தோம். அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டோம், ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தோம்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, முஹ்ஸின் நானாவும் அப்போது மேலே ஏறி வந்து சேர்ந்தார். யட்டியாந்தோட்டை பஜாரிலிருந்து துணி மூட்டையோடு தோட்டம் தோட்டமாக நடக்கிற வியாபாரி. மட்டக்களப்புச் சூறாவளியன்று அந்தப் பக்கத்தில் மைத்துனர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தவர். ஆகவே எங்கள் மலையில் சூறாவளி விஷயத்தில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. அவர் முதன்முதல் சொன்னபோது ஒரு தென்னை மரம் பக்கத்து வளவுக்குப் பறந்தது. அடுத்த வருஷம் அதே மரம் ரோட்டைத் தாண்டியது. இந்தத் தடவை, மேலே தேங்காய் பறித்துக்கொண்டிருந்த ஆளோடு சேர்ந்து பறந்தது.

"காத்து மேலால வாறல்ல," என்றார் அவர். "கீழால பூந்து தகரத்த தூக்குற. மேல பாரம் வைங்க."

சொல்லிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து, மூட்டையைப் பிரித்து ரெண்டு சாரத்தை விற்று, மழை வலுப்பதற்குள் பஜாருக்கு இறங்கிவிட்டார். அவர் விதைத்துவிட்டுப் போன அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

அதற்கு மேல் லயத்தில் யார் சொல்வதை யார் கேட்பது என்று இல்லை. கதவு ரெண்டையும் திறந்து வைத்தால் காற்று வந்த வழியே போய்விடும் என்று ஒருவர் சொன்னார். திறந்து வைத்தால் காற்றோடு பானை சட்டியும் போய்விடும் என்று இன்னொருவர் சொன்னார். ஆட்டை வீட்டுக்குள் கட்ட வேண்டும், இல்லை அவிழ்த்துவிட வேண்டும், இல்லை அறுத்துச் சமைத்துவிட்டால் கவலை விட்டது என்று மூன்று கட்சி. இதில் மூன்றாவது கட்சியில் யாரிடமும் ஆடு இல்லை. என் மனைவி தங்கம்மா, காற்று அடிக்கும்போது உலக்கையைக் குறுக்கே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டால் வீடு அசையாது என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உட்காரப் போவது நான் என்று தெரியும்.

எங்கள் லயம் ஒரே நீளக் கட்டடம். குடும்பத்துக்கு ஒன்று என்று பத்துக் காம்பரா, பக்கத்துக்கு ஐந்தாக. தகரக் கூரை. கடைசிக் காம்பரா மூக்காயியுடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி இல்லை. ஒற்றை மனுஷி. மழைக்கும் வெயிலுக்கும் முதல் அடி வாங்குவது அந்தக் கடைசிக் கூரைதான். ஆணியெல்லாம் துருப்பிடித்து இற்று, காற்றடித்தால் தகரம் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். கூரையைத் திருத்தித் தரச் சொல்லி அவள் காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் கேட்காத நாள் இல்லை.

ஒவ்வொரு முறையும் கணக்கப்பிள்ளை மயில்வாகனம் ஒரே பதிலைத்தான் சொல்வார். ஒற்றை ஆளுக்கு ஒரு காம்பரா கொடுத்து வைத்திருப்பதே அதிகம். கூரை இருக்கிறவரைக்கும் இருக்கலாம். கூரை போய்விட்டால் காம்பராவைத் தோட்டம் எடுத்துக்கொள்ளும். மூக்காயி பத்தாம் நம்பர் லயத்தில் யாராவது ஒரு குடும்பத்தோடு போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அவள் இருபது வருஷமாக மெழுகிக் கோலம் போட்ட வாசல் அது. இன்னொருத்தி அடுப்படியில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரி முகம் பார்த்து உலை வைக்கிற பிழைப்பு மூக்காயிக்கு ஆகாது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எனவே சூறாவளி என்றதும் பத்துக் காம்பரா ஜனமும் திரும்பிப் பார்த்தது அந்தக் கடைசிக் கூரையைத்தான்.

இதில் ஒரு சிக்கல், மூக்காயிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதைவிடப் பெரிய சிக்கல், தங்கம்மாவும் அவளும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எந்த வாளி முந்தி வந்தது என்பது வழக்கு. இன்றுவரை தீர்ப்பு இல்லை. ஆனால் பேச்சுத்தான் நின்றதே தவிர மொய் நிற்கவில்லை. எங்கள் மகள் இந்திராணிக்குக் காது குத்தியபோது மூக்காயி வந்தாள். தேங்காயும் பழமும் பாவாடைத் துணியும் தாம்பாளத்தில் வைத்தாள், தங்கம்மாவின் முகத்தைப் பாராமலே திரும்பிப் போனாள். லயத்தில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஒன்று விடமாட்டாள். எங்கள் ஜனத்துக்கு மொய் என்றால் வைத்ததைத் திருப்பி வைக்க வேண்டும், அதுவும் ஒரு பிடி கூட்டி. மூக்காயி வீட்டில் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. திருப்பி வைக்க எங்களுக்கு ஒரு வழியே இல்லாமல் இருந்தது.

அன்று மத்தியானம் மழை விட்டதும் தலைவர் ராமச்சந்திரன் மாரியம்மன் கோயிலடியில் கூட்டம் கூட்டினார். தோட்டத்துச் சங்கத் தலைவர். எந்த வீட்டு விசேஷத்திலும் வாசலில் நின்று, இன்னார் மொய் இன்னது என்று சத்தமாகக் கூப்பிடுகிற வேலையும் அவருடையதுதான். மலைக்கு அந்தப் பக்கம் பால் வெட்டுகிறவனுக்கும் கேட்கும் குரல். சூறாவளி பற்றி அரைமணி நேரம் பேசினார். அதில் சூறாவளி எங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை, சங்கத்துச் சந்தா நிறைய வந்தது. கடைசியில் விஷயத்துக்கு வந்தார். நம்மில் இளைத்தவள் மூக்காயி. அவளுக்கு நாம் எல்லாரும் மொய் கடன்பட்டவர்கள். ஆளுக்கு ஒரு கல் அவள் கூரையில் வைப்போம், அதுவே நம் மொய் என்றார்.

ஜனங்கள் கை தட்டினார்கள். அப்படி ஒரு வழி கிடைத்ததில் எல்லாருக்கும் உண்மையாகவே சந்தோஷம். கூட்டத்தின் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்ற மூக்காயி மட்டும் கை தட்டவில்லை.

"கல்லு வேணாங்க," என்றாள். "கூரை மரத்த கறையான் தின்னுருச்சு. பாரம் தாங்காது. எனக்கு ஆணிதான் வேணும். வீட்டுக்கு நாலு ஆணி குடுத்து, ஒரு ஆள் ஏறி அடிச்சா போதும்."

அவள் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆணியை யார் மொய்யாக வைப்பார்கள்? அடித்து முடித்தால் எது எந்த வீட்டு ஆணி என்று யாருக்குத் தெரியும்? கல் என்றால் கூரை மேல் உட்கார்ந்திருக்கும். ரோட்டில் போகிறவர்களும் பார்க்கலாம். தலைவர், கூச்சப்படாதே தங்கச்சி, இது உன் உரிமை என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டார்.

முதல் கல் பூசாரி வீட்டிலிருந்து வந்தது. இரண்டு கைக்குள் அடங்குகிற அளவான கல், அதை மட்டும் வைத்திருந்தால் நல்லதுதான் செய்திருக்கும். தலைவர் மூக்காயி வாசலில் நின்று, பூசாரி வீட்டு மொய் கருங்கல் ஒன்று என்று கூப்பிட்டார். அதோடு எல்லாம் கெட்டது. பூசாரி வைத்த கல்லைவிடச் சின்னக் கல்லை அடுத்த வீட்டுக்காரன் வைப்பானா? அவன் ஓடைக்குப் போய் ஒரு கல்லை உருட்டி வந்தான். அவன் பங்காளி அதைவிடப் பெரியதைத் தேடி ரப்பர் மலைக்குள் போனான். ஐந்தாவது வீட்டுக் கல்லை இரண்டு பேர் காவு தடியில் கட்டித் தூக்கி வந்தார்கள். கல்லுக்குத் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, ஒருவர் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொண்டுவந்தார். மூங்கில் ஏணியில் நின்று ஒவ்வொன்றையும் வாங்கி மேலே அடுக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கம்மா எங்கள் வாசலில் நின்று எல்லாக் கல்லையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். அவள் தேடியது கல்லை அல்ல, எல்லாக் கல்லையும் அடக்குகிற கல்லை. கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரலத் தூக்குங்க," என்றாள்.

அது அவள் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த கல் உரல். நான் சும்மா இருந்திருக்கலாம். அது நம் உரல், நாளைக்கு மாவு இடிக்க வேண்டாமா என்று கேட்டேன். பேசாத வீட்டில் குறைத்து வைத்தால் பயந்துவிட்டோம் என்று நினைப்பாள் என்றாள் தங்கம்மா. இதில் பயம் எங்கே வந்தது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் உரல் என் தோளுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு படிக்கும் ஏணி முனகியது, நானும் முனகினேன். அழகமுத்து வீட்டு மொய், உரல் ஒன்று என்று தலைவர் கூப்பிட்டபோது குந்தியிருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். தங்கம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

மூக்காயி இதற்குள் கத்தி ஓய்ந்துபோயிருந்தாள். மொய் வைத்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம். அது அவளை விடவில்லை. உள்ளே போய் இருந்த தேயிலையைப் போட்டுப் பெரிய கேத்தலில் தேத்தண்ணி வைத்தாள். கித்துள் பனைக் கருப்பட்டியைப் பொடியாக உடைத்தாள். எங்கள் காம்பராவிலிருந்து ஆறு கோப்பை இரவல் போயிற்று, இந்திராணிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். தங்கம்மா அதைக் கண்டும் காணாதது மாதிரி இருந்தாள்.

மழை இல்லை. காற்று அறவே இல்லை. ரப்பர் மரத்தில் ஒரு இலை அசையவில்லை. எல்லாரும் வாசலில் வரிசையாகக் குந்தியிருந்தோம். தட்டும் கோப்பையுமாக மூக்காயி வெளியே வந்தாள். அவள் வீட்டு வாசலில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அவளும் அன்றுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் கோப்பை கொடுத்து, உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டு வைத்தாள். எனக்குக் கொடுத்தாள். பிறகு தங்கம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். வாங்குவதா வேண்டாமா என்று தங்கம்மா யோசித்துக்கொண்டிருந்தபோது, மூக்காயியின் முதுகுக்குப் பின்னால் அந்தக் கூரை உள்ளே இறங்கியது.

பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. முதலில் மரம் ஒன்று முறிந்தது. பிறகு தகரம் மடிந்தது. பிறகு கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வைத்த வரிசையிலேயே, வீட்டுக்குள் போயின. கடைசியாக உரல். தூசி கதவு வழியாக வந்து எங்கள் தேத்தண்ணியில் படிந்தது.

மூக்காயி திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் அடுப்புக்கு எதிரே குந்தியிருந்த இடத்தில் எங்கள் உரல் குந்தியிருந்தது. அவள் தேத்தண்ணி கொடுக்க வெளியே வராமல் இருந்திருந்தால், அன்றைக்கு நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவளைக் கொன்றிருப்போம்.

மூக்காயி கையிலிருந்த கோப்பையைத் தங்கம்மாவிடம் நீட்டியபடியே நின்றாள். தங்கம்மா வாங்கிக்கொண்டாள்.

அன்று ராத்திரி மூக்காயி எங்கள் காம்பராவில்தான் படுத்தாள். வேறு எங்கே போவாள், பக்கத்துச் சுவர் எங்களுடையது. இரண்டு பொம்பளைகளும் ஒரே பாயில், ஆளுக்கொரு சுவரைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தார்கள். நான் வாசல்படியில் சூறாவளிக்குக் காத்திருந்தேன். சூறாவளி வரவில்லை. விடிந்ததும் ரேடியோ, தாழமுக்கம் வலுவிழந்து கடலிலேயே போய்விட்டது என்றது. அந்த ராத்திரி எங்கள் மலையில் ஒரு தூறல்கூட விழவில்லை.

கூரை விழுந்த செய்தியைக் கேட்டதும் முதலில் வந்தவர் கணக்கப்பிள்ளை. கடைசிக் காம்பராவை எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். மூட்டை முடிச்சைக் கட்டச் சொல்லிவிட்டு, தோட்டத்தை நடத்துகிற தொரையை அழைத்துவரப் போனார். அதற்குள் தலைவர் எங்களை ஒன்று சேர்த்து, எல்லாரும் ஒரே வாயாகச் சூறாவளி என்று சொல்லிவிட வேண்டும், சூறாவளிச் சேதம் என்றால் தோட்டம் திருத்திக் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். யோசனை நல்லதுதான். அதைச் சொல்ல ஒரு சூறாவளி மட்டும் குறைந்தது.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த தொரை சிங்களவர். சின்ன வயது, தமிழ் புரியும், அதிகம் பேசமாட்டார். கடைசிக் காம்பராவுக்குள் போய் நின்று மேலே வானத்தைப் பார்த்தார். கீழே கற்களைப் பார்த்தார். அலுமாரித் தட்டில் கவிழாமல் நின்ற குப்பி விளக்கைப் பார்த்தார். வெளியே வந்து, பக்கத்து வாசலில் முந்தின நாள் மழை விட்டதும் காயப்போட்ட சேலை அப்படியே கொடியில் தொங்குவதையும் பார்த்தார். இந்தக் கற்கள் எப்படி உள்ளே வந்தன என்று சிங்களத்தில் கேட்டார்.

காற்று கொண்டுவந்தது என்றார் தலைவர், அதே சிங்களத்தில்.

"உரலையுமா?" என்றார் தொரை.

பலமான காற்று என்றார் தலைவர். மட்டக்களப்பில் தென்னை மரம் ஆளோடு பறந்த கதையைத் தொடங்கினார். தொரை கேட்டுக்கொண்டே ஒரு கல்லைக் காலால் புரட்டினார். திருநீறும் குங்குமமும் தெரிந்தன. தலைவர் தென்னை மரத்தைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டார்.

மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூக்காயி முன்னால் வந்தாள்.

"சூறாவளி வரலைங்க தொரே," என்றாள். "இவங்கதான் வந்தாங்க."

அவள் வாயை எங்களால் என்றைக்கும் கட்ட முடிந்ததில்லை. யார் யார் கல் வைத்தீர்கள் என்று தொரை கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். தோட்டத்துச் சொத்தை உடைத்தால் வேலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகுட்டிக்காரர்கள், யார் வாய் திறப்பார்கள்? அப்போது கணக்கப்பிள்ளை தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அந்த உரல் பூசாரி வீட்டு உரலாகத்தான் இருக்கும், இந்த லயத்தில் அவ்வளவு பெரிய உரல் வேறு யாரிடம் இருக்கிறது என்றார்.

தங்கம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. அம்மா வீட்டுச் சீரைப் பூசாரி பொண்டாட்டி பெயரில் எழுதினால் எவள் பொறுப்பாள்? அது என் உரல், என் புருஷன்தான் ஏற்றினார் என்று முன்னால் வந்து நின்றாள். என் வேலை போயிற்று என்று நான் நினைத்து முடிப்பதற்குள், உரலுக்கு அடியில் கிடந்த பெரிய கல் தன்னுடையது என்று பங்காளி வீட்டுக்காரன் சொன்னான். காவு தடிக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். கடைசியில், முதல் கல் தன்னுடையதுதான், அளவானதுதான், அந்தக் கல்லால் கூரை விழவில்லை என்று பூசாரியும் வந்தார். இப்படியாக லயம் முழுக்கத் தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டது.

தொரைக்கு முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. கணக்கப்பிள்ளை அதற்கு இடம் கொடுக்கவில்லை. யார் உடைத்தாலும் கூரை போனது போனதுதான், ஒற்றை ஆள், பத்தாம் நம்பருக்கு அனுப்பிவிடலாம் என்றார். தொரை மூக்காயியைப் பார்த்தார்.

மூக்காயி சிங்களத்தில்தான் பேசினாள். தமிழில் சண்டை பிடிக்கிற அவள், சிங்களத்தில் மெதுவாகப் பேசுவாள். அவள் சொன்னது இதுதான்.

"தொரே, இந்த லயத்துல எல்லா வீட்டுக்கும் நான் மொய் வெச்சிருக்கேன். எனக்குப் புள்ள இல்ல. என் வாசல்ல யாரும் வந்து மொய் வெச்சதில்ல, பேர் கூப்பிட்டதில்ல. நேத்துத்தான் கூப்பிட்டாங்க. கல்லோ மண்ணோ, இந்த வாசலுக்குத்தான் வெச்சாங்க. கூரை இல்லாட்டியும் பரவால்ல. வாசல எடுத்துறாதீங்க."

மொய் என்ற சொல்லுக்கு மட்டும் அவளிடம் சிங்களம் இல்லை. தொரை அது என்ன என்று கேட்டார். எல்லாரும் தங்கம்மாவைப் பார்த்தோம். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வைத்தால் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வைப்போம், வைத்த வீட்டை மாற்ற முடியாது என்று தங்கம்மா விளக்கினாள். பிறகு தமிழுக்கு மாறி, கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்.

"அவ பத்தாம் நம்பருக்குப் போனா, நாங்க அங்கயும் வந்து மொய் வெப்போம், ஐயா. அந்தக் கூரையையும் பாத்துக்குங்க."

கணக்கப்பிள்ளை பத்தாம் நம்பர் லயத்துக் கூரைகளை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். தொரை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், இந்தத் தடவை மறைக்க முடியவில்லை. ரப்பர் காயவைத்த பழைய புகைக்கூடத்தைப் பிரித்த தகரமும் மரமும் ஸ்டோரில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உடைத்தவர்களே போட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குச் சம்பளம் இல்லை. காம்பரா அவளுக்கே இருக்கட்டும் என்றார். போகும்போது தலைவரைக் கூப்பிட்டு, இந்த முறை ஆணி அடியுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே கூரை ஏறியது. வீட்டுக்கு நாலு ஆணி வந்தது. தலைவர் பழக்கதோஷத்தில் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஆணிக்குப் பேர் கூப்பிட வேணாம்," என்றாள் மூக்காயி. "அடிச்சா போதும்."

அடித்தவன் நான்தான். மரத்தை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு அடித்தேன். அந்தத் தகரம் பிறகு எந்தக் காற்றுக்கும் பேசவில்லை.

மிச்சம் இருந்தது கல். வைத்த மொய்யை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது, ஆகவே யாரும் கேட்கவில்லை. மூக்காயி ஒவ்வொன்றையும் உருட்டி வந்து வாசலோரமாகப் போட்டாள். முதலில் ஒருத்தி தண்ணீர் வாளியைக் கீழே வைத்து அதன் மேல் கொஞ்சம் உட்கார்ந்தாள். பிறகு பால் வெட்டி வந்த ஆட்கள் வெற்றிலை போட உட்கார்ந்தார்கள். அவரவர் கல்லில்தான் உட்காருவார்கள், மாறி உட்கார்ந்தால் சண்டை வரும். சாயங்காலமானால் எங்கள் லயத்தின் பேச்செல்லாம் அந்தக் கடைசி வாசலில்தான் நடந்தது.

உரல் மட்டும் பெரிய தொல்லை. அது எங்களுடையதுதான், ஆனால் இப்போது அவளுடையது. தங்கம்மா ஒரு வாரம் கடை மாவு வாங்கி, அது ரொட்டிக்கு ஆகவில்லை, பிட்டுக்கு ஆகவில்லை என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். எட்டாம் நாள் நனைத்த அரிசியைச் சுளகில் எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனாள். இவள் இடித்தாள், அவள் மாவை அரிப்பில் போட்டுச் சலித்தாள். பேசவில்லை. இரண்டாம் வாரம், மாவு கொஞ்சம் ஈரம் என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, வறுத்தால் சரியாகும் என்றாள். பீலியடி வழக்கு அந்த இடத்தில் கைவிடப்பட்டது.

தைமாதம் இந்திராணி பெரியபிள்ளையானாள். சடங்கு வைத்தோம். தலைவர் வாசலில் நின்று ஒவ்வொரு மொய்யாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது மூக்காயி வந்தாள். கையில் தாம்பாளம், அதில் தேங்காய், பழம், தாவணி. அவளுக்குப் பின்னால், காவு தடியில் இரண்டு பேர் எங்கள் உரலைத் தூக்கி வந்தார்கள். கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தது. அதோடு ஒரு புது உலக்கை. கித்துள் மரத்தில் இழைத்து, இரண்டு முனைக்கும் பூண் போட்டது.

தலைவருக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தங்கம்மா உலக்கையைக் காட்டி இது எதற்கு என்று கேட்டாள்.

"ஒரல மட்டும் வெச்சா மொய் திரும்புன மாதிரி ஆகுமா?" என்றாள் மூக்காயி. "மேல ஒரு பிடி கூட்டி வெக்கணும்ல."

மூக்காயி வீட்டு மொய், உரல் ஒன்று, உலக்கை ஒன்று என்று தலைவர் கூப்பிட்டார். எனக்குத் தெரிந்து ஒரு மொய்யை அவர் ரெண்டு தடவை கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சடங்கு முடிந்தது, ஜனங்கள் போனார்கள். மறுநாள் காலை, சுளகில் நனைத்த அரிசியோடு தங்கம்மா எங்கள் வாசலில் நின்று அந்த உரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வாசலில் மூக்காயி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோலம் முடிந்த பிறகும் அங்கேயே எதையோ கூட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு உள்ளே போக மனமில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"ஒரல அங்கன கொண்டுபோய் வைங்க," என்றாள் தங்கம்மா. "இங்க எடம் பத்தாது."

மொய்யைத் திருப்பி அனுப்பலாமா, மரியாதையா இது என்று நான் கேட்டேன். தங்கம்மா என்னைத் தாண்டிப் போனாள். புது உலக்கையை எடுத்துத் தன் தோளில் சாத்திக்கொண்டாள்.

"ஒலக்கைய நான் வெச்சுக்கிறேன்," என்றாள் பக்கத்து வாசலுக்குக் கேட்கிற மாதிரி. "ஒரல் அவகிட்ட இருக்கட்டும். தனியா அவ என்னத்த இடிக்கப் போறா, பாப்போம்."

மூக்காயி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, அரிப்பை எடுக்க உள்ளே ஓடினாள். நான் குனிந்து உரலைத் தூக்கினேன்.